முதலாம் ஆண்டு எழுத்துப் பயிற்சியும் அதன் சமூக அடித்தளமும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத்திற்குப் புதிதாக வந்துசேரும் மாணவர்க்குச் செம்மையாக எழுதத் தெரியவில்லை, தாமாகச் சிந்திக்கத் தெரியவில்லை என்னும் முறைப்பாடு உயர்கல்வி வட்டாரங்களிலே இடையறாது ஒலித்துவருவதாகும். ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் இதனைத் தத்தம் காலத்தில் நேர்ந்த புதியதொரு சீரழிவாகவே கருதி வந்துள்ளனர். உண்மையில் இம்முறைப்பாட்டிற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அது எக்காலத்தில், எவரால், எவரைக் குறித்து எழுப்பப்பட்டது என்னும் வினாக்களைத் தொடுக்கும்பொழுது, மொழித்திறன் பற்றிய பிரச்சினையாகத் தோன்றுவது பெரும்பாலும் உயர்கல்விக்குள் எவர் புகலாம் என்னும் பிரச்சினையாகவே இருந்தமை புலனாகும்.

முதலாம் ஆண்டு மாணவர் அனைவர்க்கும் எழுத்துப் பயிற்சியைத் தனியொரு கட்டாயப் பாடமாக விதிக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி வேரூன்றியது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் மரபில் மாணவன் தான் பயிலும் பாடத்திலேயே வாரந்தோறும் கட்டுரை எழுதி, ஆசிரியர் முன்னிலையில் வாசித்து விவாதிப்பதே பயிற்சியாக அமைந்தது. எழுத்து தனிப்பாடமாகப் பிரிக்கப்படவில்லை. அமெரிக்காவில் அது ஏன் பிரிக்கப்பட்டது, பிரிக்கப்பட்டமையால் எழுத்துக்கும் சிந்தனைக்கும் இடையிலான உறவு எவ்வாறு சிதைந்தது, அவ்வுறவை மீட்க முயன்றோர் யாவர், அம்முயற்சிகள் எதனால் தடைப்பட்டன என்பனவற்றை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1. வாயிற்காவலாக எழுத்து

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் பின்னர் அமெரிக்கச் சமுதாயத்தில் முதலாளித்துவக் கைத்தொழில் பெருவளர்ச்சி கண்டது. புகையிரதப் பாதைகளும், வங்கிகளும், பெருங்கம்பனிகளும் பரவின. 1862 ஆம் ஆண்டின் மொறில் சட்டம் விவசாயம், பொறியியல் முதலியவற்றைக் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு அரசாங்கக் காணிகளின் வருவாயை வழங்கிற்று. மதகுருமாரையும் வழக்கறிஞரையும் பயிற்றிய பழைய கல்லூரி இந்நிலைமைக்குப் போதாததாயிற்று. அக்கல்லூரியின் கல்வி இலத்தீன், கிரேக்க மொழிகளையும் வாய்மொழிப் பயிற்சியையும் ஆதாரமாகக் கொண்டது. மாணவர் பாடத்தை வாயால் ஒப்புவித்தனர், மேடையிலே பேசினர். அணியியல் என்பது முதன்மையாகப் பேச்சுக்கலையாகவே பயிலப்பட்டது. புதிய பொருளாதார அமைப்போ அறிக்கை எழுதுவோரையும், கடிதத்தொடர்பு நடத்துவோரையும், நிருவாகம் செய்வோரையும் வேண்டி நின்றது.

இம்மாற்றத்தின் முன்னணியில் நின்றது ஹாவாட் ஆகும். 1869 இல் அதன் தலைவராகிய சாள்ஸ் எலியற் ஓர் இரசாயனவியலாளர். மாணவர் தாம் விரும்பிய பாடங்களைத் தெரிவுசெய்யும் முறையை அவர் விரிவாக்கினார். பழைய கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. அதே காலத்தில் புகுமுகப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரை புதிதாகப் புகுத்தப்பட்டது. 1874 இல் நிகழ்ந்த பரீட்சைக்கு ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், ஸ்கொட் ஆகியோரின் ஆக்கங்களிலிருந்து பொருள்கள் விதிக்கப்பட்டன. எழுதியோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தேறவில்லை. சிறந்த தனியார் பாடசாலைகளிலே பயின்ற வசதிபடைத்த குடும்பங்களின் புதல்வரே இவர்களுட் பெரும்பான்மையினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. எழுத்துத் திறன் வீழ்ந்துவிட்டது என்ற புலம்பலின் தொடக்கத்திலேயே, வீழ்வதற்கு முன்னர் அது நின்ற உயரம் எதுவென்பது எவராலும் காட்டப்படவில்லை. எழுத்து முன்னர் அளக்கப்பட்டதே இல்லை. அளவுகோல் வந்த அன்றே குறைபாடும் கண்டுபிடிக்கப்பட்டது.

இக்குறைபாட்டை நிவிர்த்தி செய்யும் பொறுப்பு அடம்ஸ் ஷேர்மன் ஹில் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நியூயோர்க்கிற் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். 1885 இல் அவரது பாடம் முதலாம் ஆண்டுக்கு நகர்த்தப்பட்டது. ‘ஆங்கிலம் ஏ’ என வழங்கிய இப்பாடமே பின்னர் நாடெங்கணும் பரவிய முதலாம் ஆண்டு எழுத்துப் பயிற்சியின் மூலவடிவம் எனலாம். ஏனைய கட்டாயப் பாடங்கள் யாவும் மறைந்துகொண்டிருந்த வேளையில் இது ஒன்றே, அந்நூற்றாண்டின் இறுதியளவில், மாணவர் அனைவர்க்கும் உரிய கட்டாயப் பாடமாக எஞ்சி நின்றது.

1892 இல் வெளிவந்த அறிக்கையொன்று இப்பாடத்தின் சமூக அடித்தளத்தை நன்கு துலக்குகின்றது. ஹாவாட்டின் மேற்பார்வைச் சபை நியமித்த குழுவில் மூவர் இடம்பெற்றனர்: யூனியன் பசிபிக் புகையிரதக் கம்பனியின் முன்னாள் தலைவர் சாள்ஸ் பிரான்சிஸ் அடம்ஸ், பத்திரிகாசிரியர் கொட்கின், யோசையா குவின்சி என்போர். மூவருள் ஒருவரேனும் எழுத்துப் பயிற்சி ஆசிரியர் அல்லர். மாணவரின் எழுத்துக்களையே சான்றாக வெளியிட்டு, இத்தகைய அடிப்படைப் பயிற்சி பாடசாலைகளுக்கு உரியதென்றும், பல்கலைக்கழகம் இதிற் காலத்தை விரயஞ்செய்தல் தகாதென்றும் அவர்கள் முடிவு கூறினர். பழி பாடசாலைகள்மீது சுமத்தப்பட்டது. பாடம் மட்டும் நீங்கவில்லை. தற்காலிக மருந்தாகக் கருதப்பட்ட ஒன்று நிரந்தர நிறுவனமாயிற்று.

வகுப்பறையில் நிகழ்ந்தது யாது? எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, சொல்வழக்கு என்பனவே திருத்தத்தின் பிரதான இலக்குகளாயின. ஓராசிரியர் வாரந்தோறும் நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்தவேண்டியிருந்தமையால், கண்ணுக்கு உடனே புலப்படும் பிழைகளே சிவப்பு மையைப் பெற்றன. வாதத்தின் வலிமையை நிறுப்பதற்கு நேரம் வேண்டும். காற்புள்ளியைச் சேர்ப்பதற்கு ஒரு கணம் போதும். சிந்தனை இவ்வாறு பாடத்தின் புறத்தே தள்ளப்பட்டமைக்கு ஆசிரியரின் மனப்பாங்கு மாத்திரமன்றி வேலைச்சுமையும் காரணமாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஒரு மாணவரின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. கறுப்பின மக்களின் தலைசிறந்த அறிஞருள் ஒருவராகப் பின்னர் விளங்கிய டபிள்யூ. ஈ. பீ. டுபொய்ஸ் 1888 இல் ஹாவாட்டிற் சேர்ந்தார். கறுப்பினத்தவரைத் தாக்கிப் பேசிய செனற்றர் ஒருவருக்கு எதிராக அவர் சினத்துடன் எழுதிய கட்டுரை தேறாத புள்ளியுடன் திரும்பிவந்தது. உள்ளடக்கம் மாத்திரம் போதாது, வடிவமும் வேண்டும் என்ற பாடத்தைத் தாம் அதிலிருந்து கற்றதாக அவரே பிற்காலத்தில் எழுதினார். பின்னர் பறெற் வென்டெலின் வகுப்பில் விரும்பிச் சேர்ந்து தம் நடையைச் செப்பனிட்டார். இந்நிகழ்ச்சிக்கு இரு முகங்கள் உண்டு. ஒடுக்கப்பட்டோனின் கோபத்தை இலக்கணத்தால் அளந்த நிறுவனத்தை ஒரு முகம் காட்டுகின்றது. ஆதிக்க வர்க்கத்தின் மொழிக்கருவியை வசப்படுத்தி அதனையே போராட்டப் படைக்கலமாக்கிய மாணவனை மறு முகம் காட்டுகின்றது. எழுத்துப் பயிற்சியின் வரலாறு முழுவதிலும் இவ்விரு முகங்களும் சேர்ந்தே தோன்றுகின்றன.

2. மாற்றுச் சிந்தனைகள்

ஹாவாட் முறைக்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. மத்திய மேற்குப் பகுதியின் அரசினர் பல்கலைக்கழகங்கள் வேறொரு சூழலில் வளர்ந்தவை. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் நியூட்டன் ஸ்கொட், ஒரு சில பல்கலைக்கழகங்கள் பாடசாலைகளுக்கு மேலிருந்து கட்டளையிடும் புகுமுகப் பரீட்சை முறையை நிலமானிய முறைக்கு ஒப்பிட்டார். பாடசாலையும் பல்கலைக்கழகமும் ஒரே சமூக உடலின் உறுப்புகளாக இயங்கவேண்டும் என்பது அவர் கருத்து. விதிக்கப்பட்ட நூற்பட்டியல்களுக்கு எதிரான இவ்வுணர்வே 1911 இல் சிக்காகோவில் ஆங்கில ஆசிரியரின் தேசிய பேரவை தோன்றுவதற்கு வழிவகுத்தது. அதன் முதற்றலைவரும் ஸ்கொட்டே.

ஸ்கொட்டின் மாணவியாகிய கேட்றூட் பக், வாசர் மகளிர் கல்லூரியிற் கற்பித்தவர். பேசுவோன் கேட்போனை வெற்றிகொள்ளும் உபாயமாக அணியியலைக் கருதும் பழைய மரபை அவர் மறுத்தார். இருவரும் ஓர் உண்மையைப் பகிர்ந்துகொள்ளும் சமூகச் செயலாக அதனை விளக்கினார். 1899 இல் வெளிவந்த அவரது வாத எழுத்து நூல் விதிகளை முதலில் ஓதாமல், மாணவர் தமக்குப் பழக்கமான விடயங்களில் வாதித்துப் பார்த்து, அவ்வாதங்களிலிருந்தே தருக்க நெறிகளைக் கண்டறியுமாறு செய்தது. இரு தசாப்தங்களின் பின்னரே அமெரிக்கப் பெண்கள் நாடளாவிய வாக்குரிமை பெற்றனர் என்பதை நினைவிற்கொண்டால், பெண்களுக்கு வாதிக்கக் கற்பித்தலின் முக்கியத்துவம் தெளிவாகும்.

மிச்சிகனில் ஒருகாலத்திற் பணியாற்றிய தத்துவஞானி யோன் டூயி 1910 இல் வெளியிட்ட ‘நாம் எவ்வாறு சிந்திக்கிறோம்’ என்னும் நூல், பிற்காலத்தில் விமர்சனச் சிந்தனை எனப் பெயர்பெற்ற கோட்பாட்டுக்கு அத்திவாரமிட்டது. சிந்தனை ஓர் உண்மையான ஐயத்திலிருந்து பிறக்கின்றது; சான்றுகள் சேரும்வரை முடிவை நிறுத்திவைப்பதே பயின்ற மனத்தின் இலக்கணம் என்பது அவர் நிலைப்பாடு. இதனை எழுத்துப் பயிற்சியுடன் பொருத்தி நோக்கும்போது ஒரு முக்கியமான முடிவு கிட்டுகின்றது. மாணவனுக்கு ஐயமே எழாத ஒரு பொருளைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டு, அவன் சிந்திக்கவில்லை எனக் குறைகூறுவது நியாயமன்று.

எனினும் இச்சிந்தனைகள் பொதுவழக்காகவில்லை. காரணம் தெளிவானது. 1912 சனவரியில் மேற்படி பேரவையின் சஞ்சிகை தன் முதலிதழை வெளியிட்டபோது, அதன் முதற்கட்டுரையில் கன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வின் ஹொப்கின்ஸ் ஒரு வினாவை எழுப்பினார்: நடைமுறையிலுள்ள நிலைமைகளில் எழுத்தைச் செவ்வையாகக் கற்பித்தல் இயலுமா? இயலாது என்பதே அவரது உடனடி விடை. ஆசிரியர்க்குரிய மாணவர்தொகை குறைந்தாலன்றி எந்தப் போதனாமுறையும் பயன்தராது என அவர் வாதிட்டார். எழுத்துப் பயிற்சி பல்கலைக்கழகத்தின் மிகத் தாழ்ந்த வேலையாகக் கணிக்கப்பட்டு, இளநிலை ஆசிரியரிடமும், பட்டப்பின்படிப்பு மாணவரிடமும், பதவியுயர்வு வாய்ப்பற்ற பெண்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1986 இல் வயோமிங் தீர்மானம் எழுத்தாசிரியரின் தொழில்நிலை பற்றிக் குரலெழுப்பியபோதும் இதே முறைப்பாடுகளே மீண்டும் ஒலித்தன.

3. திறந்த வாயில்

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்க்குக் கல்விச்செலவை வழங்கியது. 1947 இல் கல்லூரி மாணவருள் ஏறத்தாழ அரைவாசியினர் முன்னாட் போர்வீரராயிருந்தனர். ஆயினும் மிகப்பெரிய உடைப்பு நிகழ்ந்தது நியூயோர்க் நகரிலேயாகும்.

அந்நகரின் சிற்றிக் கல்லூரி, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கென 1847 இல் இலவசக் கலாசாலையாகத் தாபிக்கப்பட்டது. குடியேறிய யூதத் தொழிலாளரின் மக்கள் பல்லாயிரவர் அதனாற் கல்விபெற்றனர். ஆனாற் போட்டி மிகமிக, அனுமதிக்கு வேண்டிய புள்ளிகளும் உயர்ந்தன. கறுப்பினத்தவர் செறிந்து வாழும் ஹார்லமின் நடுவே அக்கல்லூரி நின்றபோதிலும், அதன் மாணவருட் கறுப்பினத்தவரும் புவேட்டோ றிக்கோ மக்களும் மிகச் சிலரே. 1969 ஏப்ரிலில் இவ்வினங்களைச் சார்ந்த மாணவர் தென்வளாகத்தைக் கைப்பற்றி ஏறத்தாழ இரு வாரங்கள் மூடிவைத்தனர். நகரின் பாடசாலைகளிலுள்ள இன விகிதத்தைப் பல்கலைக்கழக அனுமதியும் பிரதிபலிக்கவேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. 1975 இல் நடைமுறைக்கு வரவிருந்த திறந்த அனுமதித் திட்டம் இதன் விளைவாக 1970 இலேயே செயற்பட்டது. நகரின் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற்ற எவரும் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியொன்றிற் சேரலாம் என்றாயிற்று. புதுமுக மாணவர்தொகை ஓராண்டில் ஏறத்தாழ 20,000 இலிருந்து 35,000 ஆக உயர்ந்தது. இவர்களுள் இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த வெள்ளையர் பெருந்தொகையினர் என்பது பலராற் கவனிக்கப்படாத உண்மை. இனவிடுதலைப் போராட்டமாகத் தொடங்கியது வர்க்கத்தின் வாயிலையும் திறந்துவிட்டது.

வந்தோர் எழுதிய முதற் கட்டுரைகள் பேராசிரியர் பலரைத் திகைப்பிலாழ்த்தின. இவர்கள் கற்பிக்கப்பட முடியாதவர் என்ற கூற்று எழுந்தது. இக்கூற்றை ஆதாரங்களுடன் எதிர்த்தவர் சிற்றிக் கல்லூரியின் அடிப்படை எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மீனா ஷோனெசி ஆவர். 1970 க்கும் 1974 க்கும் இடையில் மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். 1977 இல் வெளிவந்த ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்னும் நூல் அவ்வாராய்ச்சியின் பேறாகும். பிழைகள் தாறுமாறானவை அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. பேச்சுமொழியின் தாக்கம், அரைகுறையாகக் கற்ற விதி, பிழைபடுமோ என்ற அச்சம் ஆகியன அவ்வொழுங்கைத் தோற்றுவிக்கின்றன என அவர் நிறுவினார்.

தமிழ் வாசகர்க்கு இதனை விளக்குதல் எளிது. ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிக்கும் வழக்கிற் பிறந்து வளர்ந்த மாணவன் எழுத்திலே அவற்றை மயங்குகின்றான் எனின், அவன் செவி செவ்வனே இயங்குகின்றது என்பதே பொருள். அவன் திருத்தம் பெறவேண்டியவனே. ஆனால் அறிவிலி எனக் கருதி அவனைத் திருத்துவதற்கும், செவிவழி நின்று எழுதுவோன் எனக் கண்டு திருத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னையது அவனை மௌனியாக்கும். பின்னையது அவனுக்கு எழுத்துமொழியின் தனி இயல்பை விளங்கவைக்கும். ஷோனெசி சுட்டிய மற்றொரு விடயமும் இதனோடு இயைபுடையது. பிழைக்கு அஞ்சும் மாணவன் தான் உச்சரிக்க வல்ல கருத்தைக் கைவிட்டு, தன்னால் எழுத்துக்கூட்ட முடிந்த கருத்தை மட்டும் எழுதுகின்றான். இவ்வாறு பிழைத்திருத்தமே சிந்தனையைக் குறுக்கும் கருவியாக மாறிவிடுகின்றது.

அதே பல்கலைக்கழகத்தின் ஏனைய கல்லூரிகளிலும் புதிய பரிசோதனைகள் நடைபெற்றன. புறூக்ளின் கல்லூரியில் கெனத் புறூபி, மாணவர் ஒருவர்க்கொருவர் கட்டுரைகளை வாசித்து உதவும் முறையை வளர்த்தார். இலண்டனில் மருத்துவ மாணவர் குழுவாக விவாதித்து நோய் நிருணயம் செய்யப் பழகும்போது தீர்ப்புத்திறன் மேம்படுவதைக் காட்டிய அபக்குறொம்பியின் 1960 ஆம் ஆண்டு ஆய்வு அவர்க்குத் துணைநின்றது. ஸ்ரற்றன் ஐலண்ட் கல்லூரியில் ஐரா ஷோர், பிறேசிலியக் கல்வியாளர் போலோ பிறைரேயின் கருத்துக்களைத் தொழிலாளர் வகுப்பு மாணவரிடையே கையாண்டார். அன்றாடம் உண்ணும் ஹம்பேகர் ஒன்றை வகுப்பிற்குக் கொணர்ந்து, அதன் தோற்றத்தை விவரிக்கச் செய்து, பின்னர் அதன் உற்பத்தி, விற்பனை, உழைப்பு, இலாபம் ஆகியவற்றைத் தொடர்ந்து ஆராயச் செய்தார். விவரணம், காரணகாரியத் தொடர்பு, மதிப்பீடு என்னும் எழுத்துப் படிகள் சமூக விமர்சனத்தின் படிகளாகவும் அமைந்தன. 1974 இல் கல்லூரி எழுத்தாசிரியர் மாநாடு, மாணவர்க்குத் தம் சொந்தக் கிளைமொழிமீது உள்ள உரிமையை அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியமையும் இதே காலத்தின் விளைவே.

ஷோனெசியின் பணி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1991 இல் மின்-ஷான் லூ எழுதிய கட்டுரை, மொழிவடிவத்தை மாற்றினாலும் மாணவனின் கருத்துலகம் மாறாது என்ற எண்ணம் அப்பணியிற் பொதிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. புதிய மொழிநடையைக் கைக்கொள்ளும் மாணவன் தன் இல்லத்தோடும் இனத்தோடும் கொண்ட உறவில் நேரும் முரண்பாட்டை வகுப்பறையிலேயே பேசவேண்டும் என்பது அவரது வாதம். இவ்விமர்சனம் வலுவுடையதே. எனினும் பல்லாயிரவரை வெளியேற்றத் துடித்த ஒரு சூழலிலே, அவர்கள் கற்கவல்லவர் என்பதை நிலைநாட்டுவதே முதற்பணியாயிருந்தமையும் மறுக்கவியலாதது.

4. மூடிய கதவுகள்

1975 இல் நியூயோர்க் நகரம் கடும் நிதிநெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1976 இல், 129 ஆண்டுகள் நிலவிய இலவசக் கல்வி முடிவுற்று, கட்டணம் விதிக்கப்பட்டது. ஆசிரியர் பெருந்தொகையாக நீக்கப்பட்டனர். புதிதாகச் சேர்க்கப்பட்ட எழுத்தாசிரியரே முதலிற் பலியாயினர். 1975 திசெம்பரில் ‘நியூஸ்வீக்’ சஞ்சிகை இளைஞர்க்கு எழுதத் தெரியவில்லை என்பதைத் தலைப்புச் செய்தியாக்கிய அதே பருவத்தில், எழுதக் கற்பித்தோர் வேலையிழந்தமை வரலாற்றின் முரண்நகையாகும். 1878 இல் ஹில்லின் நூல் வெளிவந்ததற்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்திருந்தும் புலம்பல் மட்டும் மாறவில்லை.

1999 இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபை, நான்காண்டுக் கல்லூரிகளில் ஈடுசெய் பாடங்களை ஒழிக்கும் முடிவை உறுதிப்படுத்தியது. ஆயத்தம் குறைந்த மாணவர் ஈராண்டுக் கல்லூரிகளுக்குத் திருப்பப்பட்டனர். வாயில் மீண்டும் குறுகியது. ஆனால் திறந்த அனுமதியின் பயன் வீணானது எனக் கொள்ளலாகாது. டேவிட் லவினும் அவர் குழுவினரும் அம்மாணவரின் வாழ்வைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து, அவருட் பலர் காலந்தாழ்த்தியேனும் பட்டம்பெற்று, தொழிலிலும் வருவாயிலும் உயர்ந்தமையைக் காட்டினர். நான்காண்டுக் கணக்கில் தோல்வியாகத் தோன்றியது நீண்டகால நோக்கில் வெற்றியாயிற்று.

5. சில முடிவுகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துக்களை நாம் தொகுத்துரைக்கலாம். முதலாவது, எழுத்துத் திறன் வீழ்ந்துவிட்டது என்ற கூக்குரல் பெரும்பாலும் உயர்கல்வியின் சமூக அமைப்பு மாறும் வேளைகளிலேயே உரத்து ஒலித்துள்ளது. இரண்டாவது, எழுத்தைச் சிந்தனையிலிருந்து பிரித்துப் பிழைத்திருத்தமாகச் சுருக்கியமைக்குப் போதனைக் கோட்பாட்டைப் போலவே ஆசிரியரின் மலிவான உழைப்பும் காரணமாயிற்று. மூன்றாவது, எழுத்தையும் சிந்தனையையும் மீள இணைத்த முயற்சிகள் யாவும் மாணவரைப் புறக்கணிக்கத்தக்கவராகக் கொள்ளாது, அறிவை ஆக்கவல்லவராகக் கொண்ட இடங்களிலேயே பலனளித்தன.

நமது நாட்டின் அனுபவம் வேறுபட்டது. எனினும் 1945 இல் இலவசக் கல்வியும், 1960 அளவிற் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளானமையும் இங்கும் வாயிலைத் திறந்தன. கிராமப்புறப் பாடசாலைகளிலிருந்து முதற்றலைமுறை மாணவர் பல்கலைக்கழகம் புகுந்தனர். தரம் வீழ்ந்தது என்ற குரல் இங்கும் எழுந்தது. விரிவுரைக் குறிப்பை எழுதி, மனனஞ்செய்து, பரீட்சைத்தாளில் ஒப்புவிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தாய்மொழியிற் கற்பது சுயமாகச் சிந்திப்பதற்கான வாய்ப்பைத் தரும். ஆனால் வாய்ப்பு தானாகவே திறனாகிவிடாது. முதலாம் ஆண்டிலே மாணவன் தன் ஐயத்தை எழுதவும், பிறர் வாதத்தை மறுக்கவும், சான்றை நிறுக்கவும் பழகுவதற்கு நேரமும் ஆசிரியரும் வேண்டும்.

பிழையற்ற வாக்கியங்களைக் கணப்பொழுதில் இயற்றித்தரும் கணினி இயந்திரங்கள் 2022 இன் பின்னர் மாணவர் கைக்கு எட்டியுள்ளன. எழுத்துப் பயிற்சியின் நோக்கம் பிழையற்ற வாக்கியமே எனக் கொள்வோமாயின், அப்பாடத்துக்கு இனித் தேவையில்லை. ஹில்லின் சிவப்பு மை இன்று இயந்திரத்தின் பணியாகிவிட்டது. ஆனால் ஐயுறுதலும், ஆராய்தலும், தன் நிலையிலிருந்து உலகை வினவுதலும் மாணவன் தானே செய்யவேண்டியவை. அவற்றைக் கற்பிப்பதற்குச் சிறிய வகுப்புக்களும், நிரந்தர நியமனம் பெற்ற ஆசிரியரும், திறந்த வாயிலும் இன்றியமையாதவை. இவற்றுக்குச் செலவிட மறுக்கும் சமுதாயம் தன் இளைஞர்க்குச் சிந்திக்கத் தெரியவில்லை என முறையிடும் உரிமையை இழந்துவிடுகின்றது.